நிலைபேறும் நிலைத்திருத்தலும்: வன்னித் தொழில்களின் வரலாற்றிலிருந்து சில கணக்குகள்

'நிலைபேறு' என்ற சொல் இப்போது வன்னியில் எங்கும் புழங்குகிறது. அரச அலுவலகக் கருத்தரங்கில், தொண்டு நிறுவனத்தின் பதாகையில், வங்கி முகாமையாளரின் உரையில் எல்லாம் அது உண்டு. இலங்கை மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதியிடலுக்கான வழிவரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதன் பிறகு கடன் கேட்டுப் போகும் சிறு முதலாளியிடமும் கழிவு எங்கே போகிறது, எரிபொருள் என்ன என்ற கேள்விகள் மெல்ல வரத் தொடங்கியுள்ளன.

இந்தக் கேள்விகளுக்கு நம்மவர்களிடம் இரண்டு வகையான மறுமொழி உண்டு. "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன்ட புதுக் கதை" என்பார் ஒருவர். "எங்கட மூத்தவங்க குளத்தையும் காட்டையும் பாதுகாத்துத்தானே வாழ்ந்தாங்க, இதில என்ன புதுசு?" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே வரலாற்றைத் தாண்டிக் குதிக்கின்றன. ஒரு தொழில் தன் சுற்றாடலைப் பேணப் பழகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் அயலவரின் முறைப்பாடு வருகிறது. பிறகு சட்டம் வருகிறது. அதற்குப் பிறகு, விரயத்தைக் குறைத்தால் காசு மிஞ்சும் என்ற அறிவு வருகிறது. கடைசியில்தான் அது தொழிலின் இயல்பாகிறது. இந்தப் படிகளில் ஏறக் காலம் வேண்டும், அந்தக் காலம் முழுவதும் அதே இடத்தில் இருக்கவும் வேண்டும். வன்னித் தொழில்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தக் காலம்தான். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளமும் பங்கும்

வன்னியின் பொருளாதாரத்துக்கு அடித்தளம் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1920களில் அமைக்கப்பட்ட இரணைமடு, கிளிநொச்சியில் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கிறது. காலபோகத்தில் மழையும் சேர்ந்துகொள்வதால் அநேகமாக எல்லா வயலும் விதைக்கப்படும். சிறுபோகத்தில் அப்படி ஏலாது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடி, இந்த முறை இவ்வளவு ஏக்கர்தான் என்று முடிவு செய்து, அதைப் பங்கு போட்டு விதைப்பார்கள். வாய்க்கால் ஒழுங்கைப் பார்க்க வட்டவிதானை இருப்பார்.

இதை ஒரு தொழில் ஒழுங்காகப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். இருப்பு எவ்வளவு என்று அளந்த பிறகே செலவு தீர்மானிக்கப்படுகிறது. அந்த அளவு எல்லோருக்கும் தெரிகிறது. மீறுகிறவரைத் தட்டிக் கேட்க ஆள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வருடமும் அதே ஆட்கள் அதே குளத்தடியில்தான் இருப்பார்கள் என்ற நிச்சயம் இருக்கிறது. இன்று எதையாவது திருடினால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும்.

அதற்காகப் பழைய வன்னியை ஒரு சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. குளத்து நீருக்கு இருந்த இந்தக் கணக்கு காட்டுக்கு இருக்கவில்லை. பாலையும் முதிரையும் கருங்காலியும் வெட்டுண்டு வெளியே போயின. மரக்காலை முதலாளிக்கு வந்த மரத்தின் கன அடி தெரியும், காட்டில் மிஞ்சிய மரம் எவ்வளவு என்று தெரியாது. குளம் பொதுவாகக் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அளந்தார்கள். காடு முடிவில்லாதது போலத் தெரிந்தது, அதனால் அளக்கவில்லை.

உப்பிலிருந்து கடதாசி வரை

சுதந்திரத்துக்குப் பின்னர் வன்னிக்கு வந்த பெரிய தொழில் அரசுடையது. 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. பக்கத்தில் ஆனையிறவு உப்பளம். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். குளோரின் குடிநீரைச் சுத்திகரிக்க உதவும். கோஸ்டிக் சோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டும். அதே பத்தாண்டில் வாழைச்சேனையில் தொடங்கிய கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாக எடுத்தது. வயலில் எரித்துவிடும் வைக்கோல் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியாக மாறியது.

இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று மேடையில் பேசுகிறார்கள். உள்நாட்டு உப்பு, உள்நாட்டு இரசாயனம், உள்நாட்டு வைக்கோல் என்று அந்தச் சங்கிலியின் கண்ணிகள் அன்றே வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன. ஆனால் அவற்றைக் கட்டியவர்களின் எண்ணம் இறக்குமதிச் செலவைக் குறைப்பது. கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்கத் தேசிய மட்டத்தில் ஒரு சட்டம் அன்று இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தொழிற்சாலையே கேட்டுக்கொள்ளும் முதிர்ச்சி வருவதற்கு முன்னர் யுத்தம் வந்துவிட்டது. 1980களின் நடுப்பகுதியில் பரந்தன் நின்றுபோனது. 1990இல் ஆனையிறவு உப்பளமும் நின்றது.

ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்தான் இலங்கையில் தொழில்களைச் சுற்றாடல் கணக்குக்குள் கொண்டுவந்த முதல் பெரிய சட்டம். அடுத்த ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1988இல் வந்த திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கான ஒழுங்குவிதிகள் 1990 பெப்ரவரியில் வர்த்தமானியில் வந்தன. அன்றிலிருந்து தெற்கில் ஒரு மில்லோ தோல் பதனிடும் ஆலையோ கழிவு நீரை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

அதே 1990இன் ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் மதிப்பீடு. தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் இருந்தவர்கள் வீட்டையும் கடையையும் வயலையும் தோணியையும் விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள்.

இழப்பை நாம் வழக்கமாக ஏக்கரிலும் பவுணிலும் கணக்கிடுகிறோம். இன்னொரு இழப்பும் உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போக வேண்டிய தொழிலறிவு அங்கே அறுந்தது. எந்த மாதம் எந்தக் குளத்தடி நெல் ஈரமாக வரும், எந்த வாய்க்காலில் கழுவு நீரை விட்டால் எந்தக் கிணறு கெடும், எந்த மண் கல் அறுக்க நல்லது என்பவை கொப்பியில் எழுதப்படாத அறிவு. அந்த இடத்தில் இருந்தால்தான் அது கைமாறும். புத்தளத்து உவர்க்காற்றில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீரூற்றின் மண் தெரிய நியாயமில்லை.

இந்த அறுபடல் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. 1996இல் 'சத்ஜய' இராணுவ நடவடிக்கையின்போது கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 2008–2009இல் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தது. உலகில் நடந்தவற்றை இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலைபேறான அபிவிருத்தி என்ற கருத்தை உலகறியச் செய்த புருண்ட்லாண்ட் அறிக்கை வெளிவந்தது 1987இல். நிறுவனங்களின் சுற்றாடல் முகாமைக்கான ஐஎஸ்ஓ 14001 தரநிர்ணயம் வெளிவந்தது 1996 செப்டெம்பரில். அந்த மாதம் கிளிநொச்சி வியாபாரி பெட்டியைச் சைக்கிளில் கட்டி அக்கராயன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். உலகம் பாடம் படித்த வருடங்களில் வன்னி பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

இல்லாமையின் சிக்கனம்

பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி இப்போது சிலர் ஒரு வகை ஏக்கத்தோடு பேசுவதைக் கேட்கிறேன். எரிபொருள், சீமெந்து, மின்கலம், யூரியா எல்லாவற்றுக்கும் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு எண்ணெயில் இரவைக் கழித்தார்கள். ஒரு இரும்புத் துண்டும் எறியப்படவில்லை.

இவையெல்லாம் உண்மையான கெட்டித்தனம். ஆனால் இதை நிலைபேறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2002இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 வீதி திறந்ததும் லொறிகள் வந்தன. ஜாம் போத்தல் விளக்கு போன இடம் தெரியவில்லை. வந்தது வேறொன்று: சாப்பாட்டுக் கடையில் கோப்பைக்கு மேல் விரிக்கும் மெல்லிய பொலித்தீன் தாள். குளம் நிறையத் தாமரை இலை இருந்த ஊரில் பொலித்தீன் மலிவாகவும் சுத்தமாகவும் தோன்றியது. 2017 செப்டெம்பரில் அந்தத் தாளை அரசு தடை செய்த பிறகும் அது முற்றாகப் போகவில்லை. வறுமையில் பழகிய சிக்கனம் கதவு திறந்ததும் ஓடிவிடும். காரணம் விளங்கித் தானாக ஏற்ற சிக்கனம்தான் கடை நிறையச் சாமான் இருக்கும்போதும் நிற்கும்.

தெற்கில் வளர்ந்தது, வடக்குக்கு வந்தது

இதே காலத்தில் தெற்கின் ஆடைத் தொழில் எப்படி மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். பல்லிழை ஒப்பந்தம் 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்ததும் இலங்கைக்கு இருந்த ஏற்றுமதிக் கோட்டாப் பாதுகாப்பு இல்லாமல் போனது. சீனாவோடும் பங்களாதேஷோடும் விலையில் போட்டி போட ஏலாது. ஆகவே 'குற்றவுணர்வற்ற ஆடை' என்ற முழக்கத்தோடு இலங்கை தன் தரத்தை விற்கத் தொடங்கியது. பிரித்தானியாவின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2007இல் 'பிளான் ஏ' என்ற சுற்றாடல் திட்டத்தை அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக மாஸ் நிறுவனம் 2008இல் துல்கிரியவில் 'துருலீ' என்ற பசுமைத் தொழிற்சாலையைத் திறந்தது. அதே ஆண்டில் பிரண்டிக்ஸ் நிறுவனம் சீதுவையில் பழைய ஆலையொன்றைத் திருத்தி, பசுமைக் கட்டடத்துக்கான அமெரிக்கச் சான்றிதழின் அதியுயர் தரத்தைப் பெற்றது.

கவனியுங்கள்: மாஸ் தொடங்கியது 1987இல். பசுமைத் தொழிற்சாலை கட்ட அதற்கு 20 ஆண்டுக்கு மேல் பிடித்தது. இடையில் சட்டம் அழுத்தியது, வாங்குபவர் அழுத்தினார், மின்சாரக் கட்டணம் அழுத்தியது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மறுமொழி சொல்லிப் பழக அதற்கு அவகாசம் இருந்தது.

போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியில் மாஸின் 'வானவில்', 'விடியல்' தொழிற்சாலைகளும், வவுனியாவில் இத்தாலியக் கம்பனியோடு தொடர்புடைய ஒமேகா லைன் தொழிற்சாலையும் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. சம்பளம், வேலை நேரம், தூரப் பயணம் பற்றிய விவாதம் தனியானது. இங்கே நான் சொல்ல வருவது வேறு. அந்த வாயிலுக்குள் நிலைபேறு ஒரு முழுமையான விதிக்கோவையாக, வேறெங்கோ எழுதப்பட்டு வருகிறது. வாயிலுக்கு வெளியே இருக்கும் மில்லும் மரக்காலையும் கல்லறுக்கும் வாடியும் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் நிற்கின்றன. மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முப்பது ஆண்டு வித்தியாசம்.

ஒரு மில்லின் படிகள்

அந்த முதல் பக்கத்திலிருந்து ஒருவர் எப்படி முன்னேறுகிறார் என்பதை அறிய வவுனியாப் பக்கம் ஒரு அரிசி மில்லில் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முதலாளி அறுபதைத் தாண்டியவர், இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர். எல்லோருக்கும் அவர் 'காக்கா'.

நூறு கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி வரும். ஒரு நாளைக்கு ஐந்து தொன் குத்தும் மில்லில் ஒரு தொன் உமி. "முந்தி அத மில்லுக்குப் பின்னால குவிச்சு நெருப்பு வைக்கிறது தம்பி. மழைக்கு நனைஞ்சா மூணு நாளைக்குப் புகையும். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க உடுப்புக் காயப் போட ஏலாம வந்து ஏசுவாங்க" என்றார் காக்கா. முதற்படி அந்த ஏச்சு.

அப்போது நெல் அவிக்க விறகு வாங்கினார். விறகு விலை ஏறியபோது உமியிலேயே எரியும் பொயிலர் வைத்தார். சரியாக எரித்தால் அவிப்பதற்குத் தேவையான வெப்பத்தை நெல்லின் உமியே தந்துவிடும். "காசு குடுத்துக் காட்ட எரிச்சன், சும்மா கிடைச்சதக் குப்பையெண்டு எரிச்சன்" என்று சிரித்தார். இரண்டாம் படி சேமிப்பு.

மூன்றாவது, நீர். பழைய முறையில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுவார்கள். நீர் புளித்து நாறும், அரிசியிலும் அந்த மணம் ஏறும். சூடான நீரில் சில மணி நேரத்தில் ஊறிவிடும், நாற்றமும் குறையும். ஆனால் எந்த முறையிலும் ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். ஐந்து தொன்னுக்கு ஐயாயிரம் லீற்றர். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் நீரின் ஒட்சிசன் குறைந்து மீன் சாகும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்த அதிகாரி இதைக் கேட்ட பிறகுதான் தொட்டிகள் கட்டினார். முதலில் கோபம் வந்ததாம். இப்போது தெளிந்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சுகிறார். மூன்றாம் படி சட்டம்.

நான்காவது, சாம்பல். உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சாம்பலாக மிஞ்சும். அது பெரும்பாலும் சிலிக்கா. கல்லறுப்பவர்கள் களியோடு கலக்க வாங்கிப் போகிறார்கள். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விற்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார்.

எல்லாம் எத்தனை வருடம் பிடித்தது என்று கேட்டேன். "பத்து வருஷம். முதல் நாலு வருஷம் ஒண்டும் செய்யல்ல. இது திரும்பவும் நம்மட்ட இருக்குமா, இன்னொருக்கா ஓட வருமா எண்டு பயம். கொட்டில் போட்டுத்தான் வேல செஞ்சன். உறுதி கைக்கு வந்த பிறகுதான் சீமெந்து வாங்கினன்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எல்லாக் கருத்தரங்கு அறிக்கைகளையும் விடப் பெரிதாகப்பட்டது. பொயிலரும் தொட்டியும் ஐந்தாறு வருடத்தில்தான் போட்ட காசைத் திருப்பித் தரும். காணி உறுதி இல்லாதவர் அதில் காசு போட மாட்டார், வங்கியும் கடன் தராது. வெளியேற்றப்பட்டவர்களின் காணியில் வேறொருவர் பத்தாண்டு இருந்தால் அவருக்கு ஆட்சியுரிமை வந்துவிடும் நிலை இருந்தது. அதைச் சமாளிக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கொண்டுவரப்பட்டது. அதையும் இரண்டு வருட காலத்துக்குள் பயன்படுத்த வேண்டியிருந்தது. காணிச் சட்டம் என்று நாம் நினைப்பது சுற்றாடல் சட்டமும்கூட. இருக்க இடம் உறுதியானவரே மரம் நடுவார்.

அவசரத்தின் விளைவு

காலம் கொடுக்காமல் நிலைபேற்றைத் திணித்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் அனுபவித்துவிட்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் தடை செய்தது. சேதனப் பசளை நல்லதுதான். ஆனால் போதிய பசளையும் இல்லை, பழகவும் நேரமில்லை. நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் விழுந்தது, மில்லுக்கு நெல் வரத்தும் விழுந்தது. அதைவிடப் பெரிய சேதம், 'சேதனம்' என்ற சொல்லே கமக்காரரிடம் கெட்ட சொல்லாகிவிட்டது.

அடுத்த வருடம், 2022இல், டீசல் வரிசையும் மின்வெட்டும் வந்தன. உமியில் எரியும் பொயிலர் வைத்திருந்த மில்களில் அவிக்கும் வேலைக்காவது எரிபொருள் தேட வேண்டியிருக்கவில்லை. பத்து வருடமாகப் படிப்படியாக வந்த மாற்றம் நெருக்கடியில் கைகொடுத்தது. ஒரே இரவில் வந்த மாற்றம் நெருக்கடியையே உண்டாக்கியது.

இனி

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு சுருக்கமானது. வன்னியின் சிறு தொழில்களிடம் இன்றே துல்கிரியவின் தரத்தைக் கேட்பது அநியாயம். அதேபோல், "நாங்க பட்டது போதும், எங்களக் கேட்காதீங்க" என்று நாம் ஒதுங்குவதும் சரியல்ல. விரயம் கூடாது, பொறுப்பில் தரப்பட்டது அமானிதம் என்பதெல்லாம் நமக்குப் புதிய போதனையல்ல. குறைந்தது அளவை. இரணைமடுக் கமக்காரர் நீரை அளந்ததால் பங்கு போட முடிந்தது. காட்டை யாரும் அளக்கவில்லை, அது தேய்ந்தது.

காணி உறுதிப் பிரச்சினை தீராமல் நிற்கும் குடும்பங்களுக்காகக் குரல் கொடுப்பவர்கள் அதைத் தொழிலின் பிரச்சினையாகவும் எடுத்துச் சொல்ல வேண்டும். வர்த்தகச் சங்கங்கள் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை எளிய தமிழில் எழுதி உறுப்பினருக்குக் கொடுக்கலாம். மில் வைத்திருக்கும் வாசகர்களிடம் எனது வேண்டுகோள் இன்னும் சிறியது. அடுத்த காலபோக நெல் வந்து இறங்கும்போது உங்கள் கணக்குக் கொப்பியில் மூன்று கோடுகள் கூடுதலாகக் கீறுங்கள்: உமி எத்தனை மூட்டை, நீர் எத்தனை தாங்கி, சாம்பல் எங்கே போனது. ஒரு வருடம் எழுதிய பின் அந்தக் கொப்பியே அடுத்த படியைச் சொல்லும். அதை உங்கள் பிள்ளைக்குப் படிக்கக் கொடுங்கள்.